பிள்ளை வீட்டில கதைக்குதோ?

(எமது சங்கத்தின் பெண்கள் பிரிவு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட பேச்சு. பேசியவர் எழுதி வைத்திருந்த தாள்களில் உள்ளபடியே மலருக்காகத் தரப்படுகிறது. அவரது விருப்பப்படி பிள்ளையின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது.)



நான் மேடையில ஏறிப் பேசுற ஆள் இல்லை. 2007ஆம் ஆண்டு கிளிநொச்சியில் உயர்தரச் சோதனை எடுத்தேன். அதோடு படிப்பு முடிந்தது. பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். இங்கே பார்க் றோயல் பக்கம் ஒரு சான்ட்விச் பக்டரியில் இரவு வேலை செய்கிறேன். பாணுக்கு நடுவில வெங்காயம் வைக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வைப்பேன். பேசச் சொன்னால் கை நடுங்குது. அதனால் எழுதிக்கொண்டு வந்து வாசிக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர மூத்த மகள் 2013 மாசியில் பிறந்தவள். வீட்டில் அவளைப் போல வாயாடி கிடையாது. தம்பியோடு சண்டை பிடிப்பாள், பாட்டுப் பாடுவாள், தகப்பன் வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முந்தியே அன்றைக்கு நடந்தது முழுவதையும் ஒப்புவிப்பாள். ஆனால் வாசல் மணி அடித்தால் போதும். குழாயைப் பூட்டினமாதிரி சத்தம் நிண்டு போகும். வந்தவர் சொந்தச் சித்தியாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டுக் கிழவியாக இருந்தாலும் சரி, அவள் கதிரைக்குப் பின்னால் போய் நிற்பாள். முகம் மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். சிரிப்பும் வராது, அழுகையும் வராது.

2016இல் நேர்சரிக்கு விட்டோம். ஆறு மாதம் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. ரீச்சர் என்னைக் கூப்பிட்டு, வீட்டில தமிழ் கதைக்கிறபடியால்தான் இப்படி, இங்கிலீஷ் பிடிபட்டால் சரிவரும் என்று சொன்னா. நானும் நம்பினேன். வீட்டில் தமிழை நிறுத்தப் பார்த்தோம். எனக்குத் தெரிந்த பாதி இங்கிலீஷில் அவளோடு கதைத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அம்மா, ஏன் நீங்கள் பக்டரிக் கதை கதைக்கிறீங்கள்?" என்று கேட்டாள். மூன்று கிழமையில் அந்தப் பரீட்சை முடிந்தது. இப்ப நினைத்தால் சிரிப்பு வருகுது. அப்ப சிரிக்கவில்லை.

அதே ரீச்சர் இன்னொரு நாள், "வீட்டில ஏதாவது நடக்குதா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டா. அவ தன்ர கடமையைச் செய்தா, அதைக் குறை சொல்லேலாது. ஆனால் எங்கட அகதி வழக்கு அந்த வருசம்தான் ஒரு முடிவுக்கு வந்தது. ஐந்து வருசமாக ஒவ்வொரு கடிதத்துக்கும் நெஞ்சு பதைச்ச ஆக்கள் நாங்கள். சோஷல் சேர்விஸ் பிள்ளையைக் கொண்டுபோயிடும் என்ற கதை எங்கட சனத்துக்குள் எப்படி ஓடும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் பயந்து போனேன். டொக்டரிடம் போகவில்லை, ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மற்றத் தாய்மார் நிற்கிற பக்கம் போகாமல் மணி அடிக்கிற நேரம் பார்த்துப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடி வந்துவிடுவேன். பிள்ளை கதைக்கவில்லை என்று எனக்குக் கவலை. நானும் அந்த வாசலில் ஒரு மனிசரோடும் கதைக்கவில்லை என்பது அப்ப எனக்குத் தெரியவில்லை.

எங்கட ஆக்கள் சொன்னதையும் சொல்லத்தான் வேணும். கண்ணூறு என்றார்கள், நாவூறு கழித்தோம். கோயிலில் நூல் கட்டினோம். வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள், அதையும் செய்தோம். ஒருவர் "அமசடக்கி" என்றார். இன்னொருவர் "தாயைப் போல, பெருமைக்காரி" என்றார். ஊரில் இருந்து மாமி போனில், "என்னோட ஒரு சொல்லுக் கதைக்குதில்லை, நீ சொல்லிக் குடுக்கிறாய் போல" என்று அழுதா. அது எனக்கு ஒரு மாதம் நித்திரை இல்லாமல் செய்தது.

இன்னொரு விளக்கமும் வந்தது. அதுதான் ஆழமாகக் குத்தியது. "நீ பங்கருக்குள்ள இருந்து பட்ட பயம் எல்லாம் பிள்ளைக்கு இறங்கியிருக்குது" என்று ஒரு வயது போன அம்மா சொன்னா. அவ அன்பாகத்தான் சொன்னா. 2009 மே மாதம் வட்டுவாகல் தாண்டி வந்தவர்களில் நானும் ஒருத்தி. பிறகு செட்டிகுளத்தில் மெனிக் பாம் முகாம். அங்கே எங்கட அம்மா எனக்குச் சொல்லித் தந்த ஒரே பாடம், "ஆர் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல், வாயைத் திறவாத" என்பதுதான். அந்த வாயடைப்பை என்ர பிள்ளைக்குக் குடுத்துவிட்டேன் என்று நான் இரண்டு வருசம் நம்பினேன். உண்மையைச் சொன்னால், நம்புறது ஒரு விதத்தில் சுகமாகவும் இருந்தது. காரணம் தெரிந்துவிட்டது, குற்றவாளியும் நான்தான், இனித் தேட ஒன்றுமில்லை.

இனிச் சொல்லப் போறதை எழுதிவிட்டு இரண்டு தரம் வெட்டினேன். பிறகு திரும்பவும் எழுதினேன்.

2019 தைப்பொங்கல் விழாவில் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் குறள் ஒப்புவித்தார்கள். மகளுக்குப் பத்துக் குறள் மனப்பாடம். வீட்டில் கண்ணாடிக்கு முன்னால் நின்று அட்சரம் பிசகாமல் சொல்லுவாள். நான் பட்டுப் பாவாடை சட்டை தைப்பித்து, பூ வைத்து, மேடையில் ஏற்றினேன். ஏறினாள். மைக்குக்கு முன்னால் நின்றாள். நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பின்னால் இருந்து ஒருவர், "வாயில என்ன கொழுக்கட்டையோ?" என்றார். சபை சிரித்தது. ரீச்சர் வந்து கையைப் பிடித்து இறக்கினா. அவளின்ர உடுப்பு நனைந்திருந்தது.

வீட்டுக்கு வந்து நான் அவளுக்கு அடித்தேன். அடித்தேன், கையில் நுள்ளினேன், "என்னை வெக்கப்படுத்தத்தானே செய்தனி" என்று கேட்டேன். அவள் அழவும் இல்லை. இரவு நான் வேலைக்கு வெளிக்கிடேக்க கட்டிலில் இருந்து, "அம்மா, சொல்ல வெளிக்கிட்டனான். தொண்டையில கதவு பூட்டுப்பட்டுப் போச்சு" என்று சொன்னாள். ஐந்து வயது, வாற மாதம் ஆறு. அந்த வசனத்தைக் கேட்டபிறகும் எனக்கு விளங்கவில்லை பாருங்கோ.

விளங்கவைத்தது பங்குனி மாதம். பள்ளிக்கூட முற்றத்தில் மதியம் விழுந்திருக்கிறாள். ஒருவருக்கும் சொல்லவில்லை. அழவும் இல்லை. பின்னேரம் கூட்டிக்கொண்டு வந்து, வீட்டுக் கதவு சாத்தினதும் குழறத் தொடங்கினாள். மணிக்கட்டில் வெடிப்பு. முறிஞ்ச கையோடு மூன்று மணித்தியாலம் வகுப்பில் இருந்து மற்றக் கையால் படம் கீறியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் விடியும் வரை அவளுக்குப் பக்கத்தில் இருக்கேக்கதான் எனக்கு முதல் முதல் உறைத்தது: இது வெக்கமும் இல்லை, பிடிவாதமும் இல்லை. வெக்கப்படுற பிள்ளை கை முறிஞ்சால் கத்தும்.

அடுத்த கிழமை வேலையில் லைனில் நிற்கிறேன். எனக்கு எதிரே மூன்று வருசமாக நிற்கிற போலந்துக்காரி ஒருத்தி. எங்கட பக்டரியில் மெசின் சத்தத்தில் ஒருவரும் கதைக்கிறதில்லை, எல்லாம் கைப்பாசைதான். எனக்கு அது பிடித்துத்தான் அந்த வேலையில் நிற்கிறேனோ தெரியாது. அன்றைக்கு இடைவேளையில் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டா. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். மகள் பள்ளிக்கூடத்தில் கதைக்கிறாள் இல்லை, கை முறிஞ்சும் சொல்லவில்லை என்று. அவ கேட்ட முதல் கேள்வி: "பிள்ளை வீட்டில கதைக்குதோ?"

நான் அந்தத் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு அழுதேன். நேர்சரியும் பள்ளிக்கூடமும் கோயிலும் சொந்தமும் சேர்ந்து மூன்று வருசத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. எல்லோரும் "ஏன் கதைக்கிறாள் இல்லை" என்றுதான் கேட்டார்கள்.

அவவின்ர மகனும் அப்படித்தானாம். அடுத்த நாள் ஒரு துண்டுப் பிரசுரம் கொண்டுவந்து தந்தா. அதில்தான் அந்தப் பெயரை முதல் முதல் வாசித்தேன். செலக்ரிவ் மியூட்டிசம். ஸ்மைரா என்று ஒரு அமைப்பு இருக்கிறது. 1992இல் லெஸ்டரில், இளைப்பாறிய ஒரு சமூக சேவையாளரும், இப்படி ஒரு பிள்ளையை வைத்திருந்த ஒரு தாயும் சேர்ந்து தொடங்கினது. ஒரு தாய் தொடங்கினது என்று வாசித்தபோது எனக்கு வந்த தைரியம் வேறு எதிலும் வரவில்லை.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேணும், ஏனென்றால் பெயரே பிழையான எண்ணத்தைத் தருகுது. 1877இல் குஸ்மவுல் என்ற ஜேர்மன் வைத்தியர் இதை முதலில் எழுதி வைத்தபோது, பிள்ளை வேணுமென்று கதைக்காமல் இருக்கிறது என்ற கருத்தில்தான் பெயர் வைத்தார். 1934இல் திராமர் என்பவர் வைத்த பெயரும் பிள்ளை தானாகத் தெரிந்தெடுத்த ஊமை என்ற மாதிரித்தான். அறுபது வருசம் அந்தப் பெயர் நின்றது. 1994இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கத்தின் கைநூலில் அதை மாற்றினார்கள். 2013இல் வந்த பதிப்பில் இது பதகளிப்பு நோய்களின் வரிசைக்குப் போனது. பதகளிப்பு என்றால் எங்கட பாசையில் நெஞ்சிடி, பயக்கெடுதி. பாம்பைக் கண்டு விறைக்கிற மாதிரி, தன் குரலை மற்றவர் கேட்கப் போகினம் என்ற நேரத்தில் பிள்ளை விறைக்குது. பிள்ளை இடத்தைத் தெரிவு செய்வதில்லை. பயம்தான் இடத்தைத் தெரிவு செய்யுது. மகள் சொன்ன கதவு அதுதான். அவள் தன்ர வாயால சொல்லி மூன்று மாதத்துக்குப் பிறகு நான் அதைத் தாளில் வாசித்துத் தெரிந்துகொண்டேன்.

இது எங்கட குடும்பத்துக்கு மட்டும் வந்த சாபம் என்று நினைத்திருந்தேன். இந்த நாட்டுச் சுகாதார சேவை சொல்கிற கணக்கு, சிறு பிள்ளைகளில் ஏறக்குறைய 140 பேருக்கு ஒருவர். பெண் பிள்ளைகளிலும், பிறந்த நாட்டை விட்டு அண்மையில் வந்த பிள்ளைகளிலும் கூட. எங்கட தமிழ்ப் பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் படிக்கினம் என்று நீங்களே எண்ணிப் பாருங்கோ.

2019 சித்திரையில் டொக்டரிடம் போனோம். கார்த்திகையில்தான் பேச்சு மொழிச் சிகிச்சையாளரைக் கண்டோம். காத்திருந்த காலம் நீளம்தான், என்ன செய்யிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேட்டேன், காசு இல்லாமல் ஒழுங்கு செய்தார்கள். தாய்மாரே, இதைக் கேட்க வெக்கப்படாதேயுங்கோ. பிள்ளையையே மொழிபெயர்க்க வைக்காதேயுங்கோ. கதைக்கப் பயப்படுகிற பிள்ளையை வைத்து, அது கதைக்கிறதில்லை என்று டொக்டருக்குச் சொல்லுவிக்கிறது எவ்வளவு பாவம்!

அந்தச் சிகிச்சையாளரிடம் நான் முதல் கேட்டது பங்கர்க் கதை. அவ பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னா: பெரிய அதிர்ச்சி ஒன்றால் வாயடைத்துப் போகிற பிள்ளை வழமையாகத் திடீரென்று எல்லா இடத்திலும், வீட்டிலும்கூடத்தான் அடங்கிப் போகும். உங்கட பிள்ளை வீட்டில் பாடுறாள். இது அது இல்லை. பயந்த சுபாவம் குடும்பத்தில் ஓடலாம், அது உங்கட பிழை இல்லை. நான் மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பவும் ஒருக்கா சொல்லுங்கோ என்று கேட்டேன். அவவும் ஒரு தமிழ்ப் பிள்ளைதான். திரும்பவும் சொன்னா.

இரண்டாவது கேட்டது தமிழைப் பற்றி. புது மொழிக்குள் போகிற எந்தப் பிள்ளையும் கொஞ்சக் காலம் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும், அது இயல்பு, சில மாதத்தில் தெளியும். ஆனால் தமிழ் ஆக்களோடு தமிழிலும் கதைக்காத பிள்ளைக்கு இங்கிலீஷ் காரணமாக இருக்க ஏலாது. அதற்காகத் தமிழை நிறுத்தினால் பிள்ளை கதைக்கிற ஒரே இடத்தையும் பறிக்கிறோம். இதை என்னால் முடிந்த அளவு உரத்துச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்து இரண்டு வீட்டில் இன்னும் பிள்ளைக்காகத் தமிழைப் பூட்டி வைத்திருக்கினம்.

சிகிச்சை என்ன என்று கேட்பீர்கள். குளிசை ஒன்றும் தரவில்லை. விளையாட்டுத்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு சின்ன அறை. காலையில் பதினைந்து நிமிசம் நானும் மகளும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு விளையாட வேணும். அவள் அங்கே சாதாரணமாகக் கதைக்கத் தொடங்கினபிறகு கதவைக் கொஞ்சம் திறந்து விடுறது. பிறகு உதவி ரீச்சர் வெளியில் தூரத்தில் நடந்து போறது. பிறகு கதவடியில். பிறகு உள்ளே வந்து முதுகைக் காட்டிக்கொண்டு தன்ர வேலையைப் பார்க்கிறது. பிறகு மேசைக்கு வாறது. பிறகு நான் மெல்ல மெல்ல வெளியே போறது. ஒரு படி வழுக்கினால் முதல் படிக்கு இறங்க வேணும், அவசரப்படக்கூடாது. அவ்வளவுதான் வித்தை. எழுதினால் ஐந்து வரி. செய்ய ஒன்றரை வருசம்.

2020 தை மாதம் தொடங்கினோம். நான் இரவு வேலை முடிந்து உடுப்பு மாற்றாமல் நேரே பள்ளிக்கூடம் போவேன். முதல் நான்கு நாள் அந்த அறையில் என்னோடும் கதைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். ஐந்தாம் நாள் என்ர மடியில் இருந்து மூக்கைச் சுளித்துக்கொண்டு, "அம்மா, உங்களில வெங்காயம் மணக்குது" என்றாள்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் என்ர பிள்ளை பேசின முதல் வசனம் அது. தமிழில்.

பங்குனியில் உதவி ரீச்சர் கதவடிக்கு வந்த நேரம் கொரோனா வந்து பள்ளிக்கூடம் பூட்டினார்கள். மகளுக்கு அந்த நாட்கள் சொர்க்கம். வீட்டில் ஒரே பாட்டும் கூத்தும். எனக்கு வேலை நிற்கவில்லை, சாப்பாட்டுப் பக்டரி அல்லவா. புரட்டாதியில் திரும்பப் போனபோது எல்லாம் அழிந்து போயிருந்தது. முகக்கவசம் போட்ட ஆக்களைப் பார்த்து இன்னும் விறைத்தாள். முதல் படியில் இருந்து திரும்பத் தொடங்கினோம். அந்த மாரி காலத்தில் நான் இரண்டு தரம் கைவிட்டேன். ஒரு தரம் போலந்துக்காரி பேசினா, மற்றத் தரம் என்ர மனிசன் தன்ர பெற்றோல் ஸ்ரேசன் வேலை முடிந்து எனக்குப் பதிலாகத் தான் போய் அந்தச் சின்னக் கதிரையில் இருந்து பாம்பும் ஏணியும் விளையாடினார். 2021 வைகாசியில், நான் ஒன்று சொல்ல, அவள் இரண்டு சொல்ல, ரீச்சர் மூன்று சொல்ல என்று மாறி மாறி எண்ணிக்கொண்டு போகேக்க, நான் "ஏழு" என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டி நின்றேன். உள்ளே இருந்து "எயிற்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. ரீச்சர் கெட்டிக்காரி. ஒன்றும் நடக்காத மாதிரி "நைன்" என்றா.

இதைக் கவனியுங்கோ. பிள்ளை வாய் திறந்தால் கை தட்டாதேயுங்கோ. "ஆ, கதைச்சிட்டாள்!" என்று கூவாதேயுங்கோ. அப்படிக் கூவினால் அடுத்த தரம் திறக்காது. எங்கட விழாக்களில் எங்களுக்குப் பெரிய தொல்லை அதுதான். "அன்ரிக்கு வணக்கம் சொல்லு பாப்பம், சொன்னால்தான் சொக்லேற்" என்று மறிக்கிறது. அன்பில்தான் செய்கிறீர்கள். ஆனால் தயவுசெய்து விட்டுவிடுங்கோ. சொக்லேற்றைக் குடுத்துவிட்டுப் போங்கோ. பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கோ, முகத்துக்கு நேரே குனியாதேயுங்கோ, கேள்வி கேட்காமல் உங்கட பாட்டில் ஏதாவது சொல்லிக்கொண்டிருங்கோ. கேட்கத்தான் வேணும் என்றால், "தோடம்பழமோ அப்பிளோ?" என்று கேட்டுவிட்டு ஐந்து வரை மனசுக்குள் எண்ணுங்கோ. கையைக் காட்டினாலும் அது பதில்தான். தாய் முந்திக்கொண்டு பதில் சொல்லக்கூடாது என்பது எனக்கும் பாடம். நான் அதில் இன்னும் தோற்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் முதலில் கேட்க வேண்டியது பேச்சை இல்லை, பாதுகாப்பை. எங்கட பிள்ளைகள் சிறுநீர் அடக்குதுகள், பசித்தாலும் சொல்லாதுகள், காய்ச்சல் என்றாலும் சொல்லாதுகள். மகளுக்கு ஒரு சின்ன அட்டை செய்து தந்தார்கள். ஒரு பக்கம் கழிவறைப் படம், மறு பக்கம் நோகுது என்ற படம். மேசையில் வைத்தால் போதும், கேள்வி இல்லை. இந்த அட்டை 2017இல் இருந்திருந்தால் அந்தக் கை மூன்று மணித்தியாலம் காத்திருக்காது.

மாமியின் கதையை விட்டுவிட்டேன். சிகிச்சையாளர் சொன்ன யோசனைப்படி மாமியிடம், "நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம், ஊர்க் கதை ஏதாவது சொல்லுங்கோ, பிள்ளை கேட்கும்" என்றேன். மாமி ஒவ்வொரு சனிக்கிழமையும் போனில் கோழியைப் பற்றியும், வேலிக்குள்ளால வந்த ஆட்டைப் பற்றியும் சொன்னா. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லாமல். எட்டு மாதம். பிறகு ஒரு நாள் மகள் போனில் குரலைப் பதிந்து அனுப்பினாள்: "அப்பம்மா, அந்த ஆடு பிறகும் வந்ததோ?" மாமி அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டியிருக்கிறா. செய்யக்கூடாத காரியம். ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி நான் இங்கே நிற்கிற காரணம். 2022இல் கோயிலில் ஒரு தாயைக் கண்டேன். பொடியன் தாயின் சேலைத் தலைப்புக்குள். ஐயர் பிரசாதம் குடுக்கக் கையை நீட்டவில்லை. அந்த முகத்தை எனக்குத் தெரியும். கிட்டப் போய், "தங்கச்சி, பிள்ளை வீட்டில கதைக்குதோ?" என்று கேட்டேன். அவ முகம் கறுத்து, "அவனுக்கு ஒண்டுமில்லை, வெக்கம்" என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் போய்விட்டா. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனால் போகேக்க என்ர போன் நம்பரைச் செருப்பு வைக்கிற இடத்தில் அவவின் கையில் வைத்தேன். மூன்று கிழமை கழித்து இரவு பதினொரு மணிக்குப் போன் வந்தது. இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். அன்றைக்கு எனக்கு வேலைக்குப் பிந்திப்போய் ஒரு மணித்தியாலச் சம்பளம் வெட்டினார்கள்.

அந்த இரண்டு பேர் இப்ப ஏழு பேர். தமிழ்ப் பாடசாலைக்குப் பின் அறையில் சனிக்கிழமை கூடுகிறோம். சங்கம் என்று பெயர் வைக்கவில்லை, தலைவர் செயலாளர் இல்லை. அந்தத் தொல்லை இந்தச் சங்கத்திலேயே காணும், தலைவர் குறை நினைக்கக்கூடாது. பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு ஒருவருக்கு ஒருவர் துணை போகிறோம். இங்கிலீஷ் தெரிந்தவ கடிதம் வாசித்துச் சொல்லுவா. ஒருத்தி கூட்டத்துக்குப் போனால் மற்றவ கைக்குழந்தையைப் பார்ப்பா. பெரிய பிள்ளைகளின் தாய்மாரும் வருகினம். பதினைந்து வயது மகனை வைத்திருக்கிற ஒரு அக்கா, தனக்கு இந்தப் பெயர் தெரிய வந்ததே அவனுக்குப் பதின்மூன்று வயதில்தான் என்று சொல்லுவா. பிந்தினால் வைத்தியம் இல்லை என்பதில்லை, வளர்ந்த பிள்ளைகளுக்கு வேறு விதமான உளவளச் சிகிச்சை செய்கினம். ஆனால் மூன்று வயதில் ஆறு மாதத்தில் முடியக்கூடிய வேலை, பதின்மூன்றில் வருசக்கணக்காக இழுக்கும்.

எல்லாம் நல்லபடி நடந்தது என்றும் சொல்லமாட்டேன். எங்கட அறையில் ஒரு தாய் சொன்ன வீட்டுக் கதை வெளியில் போய், அவவின் மச்சாளின் காதுக்கு எட்டிவிட்டது. ஆர் சொன்னது என்று இன்றுவரை தெரியாது. அந்தத் தாய் பிறகு வரவில்லை. நான் மூன்று தரம் வீட்டுக்குப் போனேன், கதவு திறக்கவில்லை. இன்றைக்கு அவ இந்த மண்டபத்தில் இருந்தால், எங்கள் எல்லோருக்காகவும் நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குப் பிறகு ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: அறைக்குள் கேட்டதை மனிசனுக்கும் சொல்லக்கூடாது.

மகள் 2024 செப்டம்பரில் பெரிய பள்ளிக்கூடம் போனாள். இப்பவும் எல்லோரோடும் கதைக்கிறாள் இல்லை. இரண்டு சிநேகிதிகள், நான்கு ரீச்சர்மார். இடாப்புக் கூப்பிட்டால் கையை உயர்த்துவாள். கடையில் மிச்சக் காசு குறைந்தால் கேட்கமாட்டாள், வீட்டுக்கு வந்து எனக்குக் கணக்குக் காட்டுவாள். இந்தப் பேச்சை அவளிடம் வாசித்துக் காட்டினேன். பெயர் வேண்டாம் என்றாள். அடித்த கதையைச் சொல்லட்டோ என்று கேட்டேன். கனநேரம் யோசித்துவிட்டு, "சொல்லுங்கோ, ஆனா வெங்காயக் கதையையும் சொல்லுங்கோ" என்றாள்.

சனிக்கிழமை காலை பத்தரைக்கு வாங்கோ. முன் வாசலால் வர மனமில்லை என்றால் கார் நிறுத்துகிற பக்கத்தில் ஒரு கதவு இருக்குது, அதைத் திறந்து வைப்போம். ரோல்ஸ், வடை ஒன்றும் கொண்டுவர வேண்டாம், போன முறை கொண்டுவந்தது இன்னும் என்ர பிறீசருக்குள் கிடக்குது. வந்தால் கதைக்க வேணும் என்ற கட்டாயமும் இல்லை. மூன்று கிழமை வந்து தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டுப் போன அம்மா ஒருவ எங்களிடம் இருக்கிறா. கேத்தில் இப்ப அவவின் பொறுப்பில்.